எஞ்சின் எனக்கு, பாடி அண்ணனுக்கு

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் கடைசியாகப் பிரிக்கப்பட்டது கார். மண்டியை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். மேல்சித்தாமூர் சாலையில் இருந்த நிலத்தை வரப்பு போட்டுப் பிரித்தார்கள். அண்டா, குத்துவிளக்கு, தராசு, எடைக்கல் எல்லாம் பிரிந்தன. காரும் பிரிந்தது. ஒருவர் காரை எடுத்துக்கொண்டு மற்றவருக்கு ஈடு கொடுக்கிற பிரிவினை அல்ல அது. ஸ்பேனர் வைத்துக் கழற்றிப் பிரித்தது. செஞ்சியில் வயதானவர்கள் இன்றும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நான் சிரித்ததில்லை.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். அவலூர்ப்பேட்டைச் சந்தையிலிருந்தும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்தும் வரும் மல்லாட்டையை வாங்கி எண்ணெய் ஆலைகளுக்கு அனுப்புவார். வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய சமயத்தில் மராமத்து இலாகா இஞ்சினியர் ஒருவர் தன் காரை விற்றுவிட்டுப் போனார். நைனா அதை வாங்கினார். கறுப்பு நிற இங்கிலீஷ் சலூன். நீண்ட மூக்கு, ஏறுவதற்குப் பக்கவாட்டில் பலகை, பின்சீட்டில் தோல் மெத்தை. நைனாவுக்கு ஓட்டத் தெரியாது. டிரைவர் வைத்துக்கொண்டு, பின்சீட்டின் இடது ஓரத்தில் உட்கார்ந்து போவார். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் இறந்தார். மண்டியும் காரும் அண்ணன் கைக்கும் என் கைக்கும் வந்தன. அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன், கல்யாணம் ஆனவன். டிரைவரை நிறுத்திவிட்டு நாங்களே ஓட்டிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோட்டை பார்க்க வந்த ஒருவரின் கார் எங்கள் மண்டி வாசலில் கொதித்து நின்றது. கூரை இல்லாத, இரண்டு பேர் உட்காரக்கூடிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டி வந்தவர் விழுப்புரம் ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியர். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைசிவரை அவரை நாங்கள் டிரைவர் சார் என்றுதான் கூப்பிட்டோம். அண்ணன் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தான். நான் ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். எஞ்சின் ஆறும்வரை அவர் மூட்டைமேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

யுத்தத்தின்போது உளுந்தூர்ப்பேட்டைக்கு அந்தப் பக்கம் விமானம் இறங்க ஓடுதளம் போட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அதில் கார் பந்தயம் நடந்ததாம். பட்டாளத்து அதிகாரிகள், தோட்டத்துத் துரைமார், இவரைப் போல ரயில்வேக்காரர்கள் சிலர். பழைய கார்களை வாங்கி, வெட்டி, ஒட்டி, வேறு கார்களின் சாமான்களை மாட்டி ஓட்டுவார்கள். சங்கம் என்று ஒன்று இருந்தது. துரைமார் கப்பலேறியதும் அது படுத்துவிட்டது. பந்தயக் கொடிகள் மட்டும் இவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தன.

"மறுபடியும் நடத்தக் கூடாதா சார்?" என்று அண்ணன் கேட்டான்.

"வண்டி வேணுமே தம்பி. என்கிட்ட ஒண்ணு இருக்குது. பாண்டிச்சேரியில ஒருத்தன்கிட்ட இருக்குது. இன்னும் ஒண்ணு ரெண்டு கெடைச்சா நடத்தலாம். ஆனா புது வண்டி கூடாது. புது வண்டின்னா காசு இருக்கறவன் ஜெயிச்சிடுவான். பழைய வண்டியா இருக்கணும். அதை நீ இன்னா வேணா பண்ணிக்கோ. அதான் எங்க ரூலு."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் நைனாவின் கார் நின்ற பின்பக்கத்துக் கொட்டகையைப் பார்த்தேன். அவ்வளவுதான். சங்கம் அன்றைக்கே எங்கள் மண்டியில் உயிர்பெற்றுவிட்டது.

அடுத்து வந்த மாதங்களைப் பற்றி நல்லபடியாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவை நல்ல மாதங்கள்தான். திருவண்ணாமலை சாலையில் லாரிப் பட்டறை வைத்திருந்த மேஸ்திரியிடம் காரைக் கொண்டுபோய் விட்டோம். மண்டியில் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் அங்கேதான். கூரையை அறுத்தோம். கதவுகளைக் கழற்றித் தகரம் அடித்தோம். எஞ்சின் தலையைச் சீவிக் குறைத்தோம். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வந்தன. சைலன்சர் போனது. பின்சீட்டை எடுத்தபோது அம்மா பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"உங்க நைனா உக்காந்த எடம்டா அது," என்றாள்.

"நைனாவுக்கு எப்பவும் வேகம் போதாதும்மா," என்றான் அண்ணன். "முன்னாடி போற பஸ்ஸை முந்தலைன்னு டிரைவரைத் திட்டிக்கினே வருவாரு. அவரு இருந்தா அவரே சீட்டைக் கழட்டிக் குடுத்திருப்பாரு."

அம்மா சிரித்துவிட்டாள். அண்ணனுக்கு அப்படிப் பேசத் தெரியும். யாரையும் தன் பக்கம் இழுத்துவிடுவான். பின்சீட்டை அம்மா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கூடத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டாள். ஓட்டுகிறவனுக்கு வீட்டுப் பிரம்பு நாற்காலி ஒன்றைக் கால் வெட்டி போல்ட் போட்டு முடுக்கினோம்.

முதல் பந்தயத்துக்கு ஐந்து வண்டிகள் வந்தன. எங்களுடையது, டிரைவர் சாருடையது, பாண்டிச்சேரியிலிருந்து ஒன்று, கடலூரிலிருந்து இரண்டு. ஓடுதளத்தின் சிமெண்டு வெடித்து இடுக்கெல்லாம் புல் முளைத்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் அதில் கேழ்வரகு காயப் போட்டிருந்தார்கள். டிரைவர் சார் போய்க் கும்பிட்டுக் கேட்டதும், பெண்கள் தானியத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டார்கள். அவர்கள் கூட்டியதில் எங்களுக்குப் பாதையும் சுத்தமாகிவிட்டது. இரண்டு முனையிலும் தார் டிரம்களை நிறுத்தி, அவற்றைச் சுற்றி வர வேண்டும் என்று வைத்தோம்.

காலைப் பந்தயம் அண்ணன் ஓட்டினான். ஜெயித்தான். மத்தியானப் பந்தயம் நான் ஓட்டினேன். நானும் ஜெயித்தேன். டிரைவர் சார் கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து, மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல், எல்லார் முன்னாலும் சொன்னார்: "தம்பி கை நல்ல கை. அண்ணனைவிட ரொம்ப வேகம்."

அண்ணன் சிரித்தான். என் முதுகில் தட்டினான். திரும்பி வரும்போது அவன்தான் ஓட்டினான். விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அவன் இறங்கவே இல்லை. "நீ குடிச்சிட்டு வா" என்றான். செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை தெரிந்ததும் நான் ஏதோ கேட்டேன். அவன் காதில் விழாதவன் போல் ஓட்டினான்.

அடுத்த பந்தயத்துக்கு என்னை ஓட்ட விடவில்லை. அதற்கு அடுத்ததற்கும் விடவில்லை. கேட்டேன்.

"வீட்டுக்குப் பெரியவன் நான். எனக்கு ஓட்ட வரலைன்னு நாலு பேரு பேச எடம் குடுக்க மாட்டேன்," என்றான்.

"யாருண்ணே அப்படிப் பேசினது?"

"டிரைவர் சார் பேசினாரு."

"அவரு கடிகாரத்தைப் பாத்துச் சொன்னாரு."

"கடிகாரத்துக்கு இன்னாடா தெரியும்?"

ஒரு விடியற்காலையில் சாவியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தேன். அந்தக் காரில் எனக்கும் பாதி உண்டு. திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் நின்றிருந்தான். மேஸ்திரியும் இரண்டு லாரி டிரைவர்களும் பார்த்துக்கொண்டிருக்க என் கன்னத்தில் அறைந்தான். எனக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெண் வீட்டுக்காரர்கள் காதுக்கு அது போயிற்று. அந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனது. அந்த மாதத்திலேயே அண்ணன் பாகம் கேட்டான்.

கடைவீதிப் பெரியவர்களைக் கூப்பிட்டு எங்கள் கூடத்தில் உட்கார வைத்தோம். மூத்தவன் கூறு போடுவது, இளையவன் எடுப்பது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போதுதான் மூத்தவன் சரிசமமாகக் கூறு போடுவான். மண்டியும் நிலமும் சண்டையில்லாமல் முடிந்தன. கார் வந்ததும் நின்றுவிட்டது.

"ஒருத்தன் காரை வச்சிக்கோ. இன்னொருத்தன் மாட்டு ஜோடியும் வண்டியும் எடுத்துக்கோ," என்றார் பெரியவர் ஒருவர். இரண்டு பேரும் வேண்டாம் என்றோம். விற்றுப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கும் மாட்டோம் என்றோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர்களில் மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அப்போ எஞ்சினை ஒருத்தன் எடுத்துக்கோங்க, பாடியை ஒருத்தன் எடுத்துக்கோங்க. போங்கடா."

திட்டாகத்தான் சொன்னார். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குச் சம்மதம். அவன் எடுக்கட்டும்," என்றான்.

நான் பாடியைக் கேட்பேன் என்று அவன் நினைத்தான். நைனா உட்கார்ந்து போன வண்டி, அம்மா அழுவாள், நான் இளகிவிடுவேன் என்று கணக்குப் போட்டிருந்தான். அவன் முகத்திலேயே அது தெரிந்தது.

"எஞ்சின்," என்றேன்.

அம்மா சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மேஸ்திரி புளியமரக் கிளையில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்கினான். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமாக நின்றோம். எஞ்சின் மேலே வந்தபோது அடியிலிருந்து எண்ணெய் சொட்டியது. என் பங்கு மாட்டுவண்டியில் ஏறியது. அண்ணன் பங்கை நாலைந்து ஆட்கள் தள்ளிக்கொண்டு கடைவீதி வழியாகப் போனார்கள். அவன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்திருந்தான். கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஒருத்தரும் அப்போது சிரிக்கவில்லை. அவன் போன பிறகுதான் சிரித்தார்கள்.

இதோடு பந்தயம் முடிந்தது என்று ஊர் நினைத்தது. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் விட்டுவிட்டுப் போன சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று எஞ்சின் பிளந்து கிடந்தது. அதை நான் வாங்கி வந்தேன். அண்ணன் பட்டாளத்தில் கழித்துக் கட்டிய ஒரு ஜீப்பின் எஞ்சினைப் பிடித்து வந்தான். செஞ்சியில் இந்த வேலை தெரிந்த பட்டறை ஒன்றுதான். மேஸ்திரி நடுவில் தார்ப்பாய் கட்டித் தொங்கவிட்டான். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணன். அவன் காலையில் வருவான், நான் சாயங்காலம் வருவேன். இந்தப் பக்கத்து விஷயத்தை மேஸ்திரி அந்தப் பக்கம் சொன்னதில்லை. ஒரு நாள் மட்டும் என்னிடம் சொன்னான்: "இந்தச் சின்ன வண்டிக்கு உன் எஞ்சின் கனம் ஜாஸ்தி. முன் அச்சு தாங்குமான்னு தெரியல." தாங்கும் என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் தனித்தனி வண்டியோடு ஓடுதளத்தில் வந்து நின்ற அன்றுதான் சங்கம் நிஜமாகவே எழுந்து நின்றது. அதற்கு முன் பார்க்க வந்தவர்கள் ஆடு மேய்ப்பவர்களும் வண்டிக்காரர்களின் சொந்தக்காரர்களும்தான். இப்போது செஞ்சியிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். ஒரே காரைப் பிய்த்துக்கொண்ட அண்ணன் தம்பி ஓட்டுகிறார்களாம் என்ற பேச்சு விழுப்புரம், கடலூர், பாண்டிச்சேரி என்று பரவியது. மெட்ராஸிலிருந்து வழவழப்பான சட்டை போட்டவர்கள் பழைய வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் நோட்டீசே அடித்துவிட்டார்கள். "செஞ்சி அண்ணன் தம்பி மோதும் கார் பந்தயம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அந்த நோட்டீஸ் எங்கள் மண்டிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. என் பக்கத்துச் சுவரில் ஒன்று, அவன் பக்கத்துச் சுவரில் ஒன்று.

நான் விழுப்புரம் போய் டிரைவர் சாரைப் பார்த்தேன். "சார், எங்க ரெண்டு பேரையும் ஒரே பந்தயத்துல விடாதீங்க. தனித்தனியா விடுங்க. வேணும்னு இடிச்சிக்கிறோம். என்னிக்காவது ஒருத்தன் போய்டுவான்," என்றேன்.

அவர் கூண்டிலிருந்த கிளிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எனக்கும் புரியுது தம்பி. ஆனா சனம் அதுக்குத்தான் வருது. உங்களைப் பிரிச்சா சனம் வராது. சனம் வரலைன்னா மெட்ராஸ்காரன் வரமாட்டான். இத்தினி வருஷம் கழிச்சி இப்பத்தான் சங்கம் நிக்குது."

நல்ல மனிதர். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர். அம்மா கையால் ஊறுகாய் வாங்கிப்போனவர். அவருக்கும் சங்கம்தான் பெரிதாக இருந்தது. அப்படியானால் ஓட்டாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பார்கள். நான் நின்றால் அவன் ஜெயித்தான் என்று ஆகும். அதை என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது.

ஒரு வருஷம் அவன் ஜெயித்தான். என்னைப் புல்தரைக்குத் தள்ளி ஜெயித்தான். மறு வருஷம் நான் ஜெயித்தேன். அவன் வண்டியின் பின்பக்கத் தகரத்தை நசுக்கி ஜெயித்தேன். அம்மா வழக்கப்படி அண்ணன் வீட்டில் இருந்தாள். பந்தயத்துக்கு முதல் நாள் அங்கே சமைத்ததை எனக்கும் தூக்குவாளியில் கொடுத்தனுப்புவாள். யாருக்காக வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் அச்சு உடைந்தது.

நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அண்ணன் பின்னால். மற்றவர்கள் வண்டி பழுதாகி முன்னமே நின்றுவிட்டிருந்தார்கள். தெற்கு முனை டிரம்மைச் சுற்றும்போது இடது முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியதைப் பார்த்தேன். அதன் பிறகு வானம், மண், வானம். ஓடுதளத்தின் ஓரத்து மழைநீர்ப் பள்ளத்தில் வண்டி கவிழ்ந்து கிடந்தது. நான் பாதி வெளியே. வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. அந்த முனையில் கொடி பிடித்து நிற்க வேண்டியவன், முடிவைப் பார்க்கும் ஆசையில் மறுமுனைக்கு ஓடிவிட்டான். சிவப்புக் கொடி காட்ட ஆள் இல்லை.

அண்ணன் வண்டி வந்தது. டிரம்முக்கு வந்தால் யாராக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். அவனும் குறைத்தான். கூப்பிடு தூரம்கூட இல்லை. நான் கையைத் தூக்கினேன். அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தான். பிறகு கியர் மாற்றும் சத்தம் கேட்டது. போய்விட்டான்.

நிறுத்திவிட்டு ஓடிவருவான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அறைந்த கையையும் பாகம் கேட்ட வாயையும் மறந்துவிட்டு. இன்னொரு சுற்று முடித்து அவன் மறுபடி வந்தான். மறுபடி வேகத்தைக் குறைத்தான். இந்தத் தடவை என் பக்கம் திரும்பவே இல்லை. டிரம்மையே பார்த்துக்கொண்டு வளைத்தான். முதல் தடவை பார்த்துவிட்டுப் போனதை நான் மன்னித்திருப்பேன். இரண்டாம் தடவை பார்க்காமல் போனதைத்தான் என்னால் முடியவில்லை. நான் அங்கே கிடக்கிறேன் என்று தெரிந்தவன்தான் அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் போக முடியும்.

பந்தயம் முடிந்ததும் தானியத்தைப் பரப்பலாம் என்று காத்திருந்த ஊர்க்காரர்கள்தான் ஓடிவந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக வண்டியைப் புரட்டினார்கள். ஒரு அம்மாள் தன் புடவைத் தலைப்பைக் கிழித்து என் முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினாள்.

"பாத்துக்கினே போறானே அந்த வண்டிக்காரன், யாருப்பா அவன்?" என்று கேட்டாள்.

"தெரியல," என்றேன்.

கோப்பையை அண்ணன் வாங்கிக்கொண்டான். மெட்ராஸ்காரர் ஒருவர்தான் என்னைத் தன் ஜீப்பில் போட்டு விழுப்புரத்துக்குக் கொண்டுபோனார். கால் பிழைத்தது. ஆனால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறேன்.

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அண்ணி வந்தாள். பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். ரசம் சாதம் பிசைந்து டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்ட பிறகு கேட்டேன்.

"பாத்தாரா அண்ணி? என்னைப் பாத்தாருன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"பாக்கலன்னுதான் ஊர் பூரா சொல்லிக்கினு இருக்காரு," என்றாள்.

"உங்ககிட்ட?"

டப்பாவை மூடினாள். "அன்னிக்கு ராத்திரி சோறு திங்கல. கோப்பையைக் கொண்டாந்து பரண்மேல போட்டாரு. இன்னிக்கு வரைக்கும் எறக்கல. எனக்கு அதுக்கு மேல தெரியாது தம்பி."

"நிறுத்தியிருக்கலாம் இல்ல?"

"நிறுத்தினா தோத்துடுவாரே. அவரு தோத்துட்டு வந்த வருஷம் வீட்ல இருந்தது நீங்க இல்ல, நான். உங்களுக்கு ஒரு கால்தான் போச்சு," என்று சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காதவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள். புறப்படும்போது, தான் வந்ததைக் கடைவீதியில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள்.

டிரைவர் சாரும் வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். கட்டுப்போட்ட காலைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உன்னால இனிமே ஓட்ட முடியாது. எஞ்சின் நல்லா இருக்குது, நான் பாத்தேன். உங்க அண்ணன் அதைக் கேக்கறான். அவனே கேக்க மாட்டான், என்னைக் கேக்கச் சொன்னான். பழையபடி அந்தப் பாடியில அந்த எஞ்சினைப் போட்டுட்டா எப்படி இருக்கும், யோசிச்சிப் பாரு. சனத்துக்கும் பிடிக்கும். பிரிஞ்ச வண்டி சேந்துடுச்சின்னு நோட்டீஸ்ல போடலாம்."

"நாங்க சேந்துட்டோம்னும் போடுவீங்களா சார்?"

நான் சாத்துக்குடியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்.

ஊருக்குத் திரும்பி, கோலூன்றி நடக்கப் பழகியதும் முதலில் செய்த வேலை, அந்த எஞ்சினை மேல்சித்தாமூர் சாலை நிலத்துக்குக் கொண்டுபோனதுதான். கிணற்று மேட்டில் சிமெண்டு போட்டு உட்கார வைத்து, பெல்ட் மாட்டி, தண்ணீர் இறைக்கும் பம்பை ஓட்டினேன். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவிடுவேன். தலை சீவிய, இரண்டு கார்புரேட்டர் வைத்த பந்தய எஞ்சின் அது. மல்லாட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சியது. மண்ணெண்ணெய் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கறுப்புப் புகையாகக் கக்கியது. புகையையும் சத்தத்தையும் சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அண்ணன் காதுக்குப் போக வேண்டும் என்றுதான் சாலையோரக் கிணற்றில் வைத்தேன். போயிற்று.

எதிரி இல்லாமல் அண்ணன் இரண்டு பந்தயம் ஓட்டினான். கூட்டம் வரவில்லை. ஓட்டுகிறவன் திறமையைப் பார்க்க யாரும் பஸ் பிடித்து வருவதில்லை என்பது அப்போது அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். மெட்ராஸ்காரர்கள் தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பெரிய இடம் பார்த்துக்கொண்டு, புது வண்டிகளோடு நடத்தத் தொடங்கினார்கள். டிரைவர் சாரை அங்கே கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்தார்களாம், கொடியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு. அவரும் கொஞ்ச நாளில் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். ஓடுதளத்தில் பழையபடி கேழ்வரகு காய்ந்தது.

ஒரு நாள் மத்தியானம் நான் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தேன். சாலையில் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணன் வரப்பில் வந்து நின்றான். கிணற்றுப் பக்கம் வரவில்லை. வரப்பிலேயே நின்று எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தான். நரை விழுந்திருந்தது. நான் மண்வெட்டியை நிறுத்தவில்லை. பிறகு அங்கிருந்தே குரல் கொடுத்தான். பாகப்பிரிவினைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"வால்வு தட்டுது. பாக்கலியா?"

"தண்ணி வருதில்ல," என்றேன்.

இன்னும் ஏதோ சொல்ல வந்தான். அவன் கண் என் காலுக்குப் போனது. எனக்கு அது பிடிக்கவில்லை. மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் சாலையில் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஒரு வால்வு இடைவெளி அதிகமாகியிருந்தது. ஸ்பேனர் கையில் இருந்தது. சின்ன வேலை. அவன் சொல்லி நான் செய்ததாக ஆகக் கூடாது என்று மூடியைத் திரும்ப மாட்டினேன். அடுத்த கோடையில், கிணற்றில் தண்ணீர் கீழே போன சமயத்தில், வால்வு முறிந்து உள்ளே விழுந்து எஞ்சினை உடைத்தது. அந்த வருஷ மல்லாட்டை பாதி காய்ந்தது. பிறகு நிலத்துக்குக் கரண்ட் வந்தது, மோட்டார் போட்டேன்.

அம்மா அறுபதுகளின் கடைசியில் இறந்தாள். காடு வரைக்கும் இரண்டு பேரும் ஒரே பாடையைத் தூக்கினோம். எனக்குக் கால் சாய்வதால் பாடை என் பக்கம் தாழ்ந்தது. அவன் தன் பக்கத்தையும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தான். அதைப் பார்த்துவிட்டு உறவுக்காரர்கள், இனி இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். காரியம் முடிந்த அன்று அவனை என் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். இலையை மூடிவிட்டு எழுந்து அவன் அவன் வீட்டுக்குப் போனான், நான் என் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் மண்டிகளுக்கு நடுவில் ஒரு செங்கல் கனமுள்ள சுவர்தான். காலையில் அவன் கடைப்பலகைகளை எடுத்து அடுக்குவது எனக்குக் கேட்கும். கடைசிப் பலகையையும் எடுத்து அடுக்கிவிட்டு, அவன் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டான் என்று தெரிந்த பிறகே நான் என் கடையைத் திறப்பேன். முந்திக்கொண்டு திறந்தால் வாசலில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.